நாலு பந்தி சிம்பொனி

ஜாஸ்லின் என்னோடு படித்தவள். நாற்பத்தெட்டு வயதாகிறது. தூத்துக்குடியில் ஒரு ஷிப்பிங் ஏஜென்ட் ஆபீசில் கப்பல் சரக்குக்கான பேப்பர்களைத் தயார் பண்ணுகிற வேலை. ஞாயிற்றுக்கிழமை சாயர்புரம் பக்கம் எங்கள் ஊர்க் கோயிலில் ஆராதனைக்குக் கீபோர்டு வாசிப்பாள். இந்த இரண்டுக்கும் நடுவே மிஞ்சுகிற நேரத்தில் அவள் என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டால் அவள் புருஷன் டிக்சன், "பெரிசைச் சின்னதாக்குதா" என்பான். கேட்டவர்கள் தையல் என்று நினைத்துக்கொண்டு ரவிக்கைத் துணியோடு வந்ததும் உண்டு.

அவள் சின்னதாக்கியது சிம்பொனிகளை. ஜெர்மனியில் இருநூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ அறுபது பேர் வாசிப்பதற்கு எழுதி வைத்ததை, அஞ்சு பேர் வாசிக்கிற மாதிரி மாற்றி எழுதுவாள். எந்த வாத்தியத்தின் வேலையை எதற்குக் கொடுப்பது, எதை விட்டால் காதுக்குத் தெரியாது, எதை விட்டால் மொத்தமும் சரிந்துவிடும் என்று ஒவ்வொரு வரியாகப் பார்க்க வேண்டும். ஒரு சிம்பொனிக்கு ஒரு வருஷம் ஆகும். பத்து வருஷத்தில் எழுதியதெல்லாம் பீரோவில் சேலைக்கு அடியில் கிடந்தது. வாசிக்கத்தான் ஆள் இல்லை.

ஒருவழியாக ஆள் சேர்த்தாள். பல் டாக்டர் ஜெபிஷாவும் அவள் தம்பி எஸ்றாவும் வயலின். டிக்சன் காலேஜில் வாசித்த பேஸ் கிட்டாரை பரணிலிருந்து இறக்கி, அடிக்குரல் வாத்தியம் எல்லாவற்றையும் அவன் தலையில் கட்டினாள். கீபோர்டு அவள். புல்லாங்குழல், ஓபோ, பசூன் என்று ஊதுகிற வாத்தியம் மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஆள், பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிக்கும் முத்துச்செல்வம். அவனுக்கு மேற்கத்திய நொட்டேஷன் வாசிக்கத் தெரியாது. அவனுக்கென்று எல்லாவற்றையும் ச ரி க ம என்று தமிழில் எழுதிக் கொடுத்தாள். நாற்பது பக்கம் வந்தது.

முத்துச்செல்வம் எதையும் ஒரு தடவை கேட்டால் வாசித்துவிடுவான். வாசிக்காமல் இருப்பதுதான் அவனுக்குக் கஷ்டம்.

"அக்கா, இங்கன பதினேழு கோடு போட்டிருக்கீங்க. என்ன வாசிக்கணும்?"

"ஒண்ணும் வாசிக்கக் கூடாது. எண்ணிக்கிட்டுச் சும்மா இருக்கணும்."

"பதினேழுமா? கல்யாண வீட்டுல கிளாரினெட்காரன் இவ்வளவு நேரம் சும்மா இருந்தா, வாயில புண்ணான்னு கேப்பாங்கக்கா."

சும்மா இருக்கச் சொன்ன இடத்தில் எல்லாம் அவன் கல்யாண வீட்டுச் சங்கதி ஒன்றைச் சொருகினான். கடைசியில் ஜாஸ்லின் கொம்பு வாத்தியத்தின் வரியையும் அந்த இடங்களில் அவனுக்கே எழுதிக் கொடுத்து அவனை அடக்கினாள்.

போன வருஷம் கோயிலுக்கு நூற்றைம்பதாவது பிரதிஷ்டைப் பண்டிகை வந்தது. அதில் ஒரு சிம்பொனி வாசிக்க நேரம் கேட்டு ஜாஸ்லின் சபைச் செயலாளர் பொன்னுதுரை சாரிடம் போய் நின்றாள். அவர் ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர். இப்போதும் எந்தக் கூட்டத்திலும் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுத்தான் பேசுவார்.

"எவ்வளவு நேரம்மா?"

"நாப்பது நிமிஷம் சார்."

"அறிக்கைக்கும் ஆசீர்வாதத்துக்கும் நடுவுல எட்டு நிமிஷம் இருக்கு."

"சார், அது நாலு பாகம். முழுசா கேட்டாத்தான் அர்த்தம்."

"அறுபது பேரை அஞ்சு பேராக்கத் தெரியுது. நாப்பதை எட்டாக்கத் தெரியாதாக்கும்?"

"பிரசங்கம் எவ்வளவு நேரம் சார்?"

"ஐம்பது நிமிஷம்."

"அதை எட்டாக்கச் சொல்லிப் பாத்தீங்களா?"

பொன்னுதுரை சார் கடிகாரத்தை எடுத்துக் கையில் கட்டிக்கொண்டார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

வீட்டுக்கு வந்து ஜாஸ்லின் பாத்திரங்களை வைத்த சத்தத்தில் டிக்சனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பண்டிகை முடிந்ததும் ஊருக்கே போடுகிற சாப்பாட்டுக்கு எங்கள் பக்கம் அசனம் என்று பெயர். அதை நினைத்துக்கொண்டு அவன், "ஏளா, பேசாம அசனத்துல வாசி. அங்க நாலு பந்தி, உனக்கும் நாலு பாகம். பந்திக்கு ஒண்ணா வச்சிக்கோ" என்றான். கிண்டலாகத்தான் சொன்னான். மறுநாள் காலையில் அவள் காப்பியை வைத்துவிட்டுக் கேட்டாள்:

"ஒரு பந்தி எந்திரிக்க எத்தனை நிமிஷம் ஆகும்?"

கமிட்டி உடனே சம்மதித்தது. சாப்பாட்டு நேரம் யாருடைய நேரமும் இல்லை.

பந்தலின் ஓரத்தில், வேப்பமரத்தடியில் அஞ்சு பேரும் உட்கார்ந்தார்கள். முதல் பந்திக்குச் சோறு விழுந்ததும் முதல் பாகம் தொடங்கியது. அது கோபமான பாகம். முதல் அடியே இடி மாதிரி இறங்கியதில் பொன்னுதுரை சார் ஸ்பீக்கர் வெடித்துவிட்டது என்று ஓடிவந்தார். வாத்தியச் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் குழம்பு கேட்க வேண்டியிருந்தது. முதல் பந்திக்காரர்கள் சண்டை போட்டுவிட்டு எழுந்த மாதிரி வேர்த்துப்போய் எழுந்தார்கள்.

நான் இரண்டாம் பந்தி. இரண்டாம் பாகம் ரொம்ப மெதுவானது. அதைக் கேட்டுக்கொண்டு யாராலும் வேகமாகச் சாப்பிட முடியவில்லை. எனக்கு எதிரில் இருந்தவர் ஒரு எலும்பை எடுத்து, அதைக் கடிக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். இடம் பிடிக்க எங்கள் நாற்காலிகளுக்குப் பின்னால் வந்து நின்ற மூன்றாம் பந்திக்காரர்கள் முதலில் இருமினார்கள். பிறகு நாற்காலியை ஆட்டினார்கள். "ஏலே, சாப்புடுதீங்களா, தூங்குதீங்களா?" என்று ஒருவர் கேட்டே விட்டார். பாகம் முடிந்த பிறகும் அதே மெதுவில் சாப்பிட்டு நாங்கள் எழுந்தபோது அரை மணி நேரம் தாண்டியிருந்தது.

மூன்றாம் பாகம் குதித்துக் குதித்து ஓடும். மூன்றாம் பந்தியும் அதோடு ஓடியது. கறி, சாம்பார், ரசம் எல்லாம் என்ன வரிசையில் போனது என்று தெரியாமல் எல்லாரும் கை கழுவப் போய்விட்டார்கள். பாகம் முடிய இன்னும் இரண்டு நிமிஷம் இருந்தது. அந்த இரண்டு நிமிஷத்தையும் காலி நாற்காலிகளுக்கும் காக்கைகளுக்கும் வாசித்தார்கள். பொன்னுதுரை சார் மட்டும் கடிகாரத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். நாலாம் பந்தியில் சமையல்காரர்களும் கமிட்டியும். அவர்கள் அலுப்பில் எதையும் கேட்கிற நிலையில் இல்லை.

முடிந்ததும் எல்லாரும் வந்து ஜாஸ்லினிடம் கறி நன்றாக இருந்தது என்று சொன்னார்கள். அவள் சிரித்துச் சிரித்துத் தலையாட்டினாள். கூட்டம் கலைந்தபின் கீபோர்டு ஒயரைச் சுற்றும்போது அவள் முகத்தைப் பார்த்த டிக்சன், ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டான்.

அப்போது கேட்டரிங் ஆட்களோடு தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த சரண்யாதேவி, காலி வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அக்கா, ஒரு சந்தேகம். ஆரம்பத்துல ஒரு மெட்டு வந்துச்சே, கோவமா. அதேதான கடைசியில சிரிச்சிக்கிட்டு வந்துச்சு?"

ஜாஸ்லின் ஒயரைச் சுற்றுவதை நிறுத்தினாள். "நீங்க எந்தப் பந்தி?"

"நான் எங்க உக்காந்தேன்? ரசம் ஊத்துனது நான்தான. நாலு பந்தியும் கேட்டேன். ரெண்டாவதுல கிளாரினெட்டு மட்டும் தனியாப் போச்சுல்லா, அங்கன ஒருத்தர் இலையில ஊத்திக்கிட்டே நின்னுட்டேன். அவரு மடியெல்லாம் ரசம்."

அந்த மடி என்னுடையது. வேட்டியில் கறை இன்னும் இருக்கிறது.

ஜாஸ்லின் அந்த இடத்திலேயே கீபோர்டுக்குத் திரும்ப ஒயரை மாட்டி, அந்த மெட்டு முதல் பாகத்தில் எப்படி வருகிறது, கடைசியில் எந்த இரண்டு சுரம் மாறியதால் சிரிக்கிறது என்று வாசித்துக் காட்டினாள். முத்துச்செல்வமும் கிளாரினெட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். கேட்டரிங் வேன் ஹாரன் அடித்து அடித்துப் பார்த்துவிட்டு, சரண்யாதேவியை விட்டுவிட்டே போனது. டிக்சன்தான் அவளை பைக்கில் தூத்துக்குடியில் கொண்டுபோய் விட்டான். வழி முழுக்க அவள் பேஸ் கிட்டாரைப் பற்றிக் கேட்டாளாம். திரும்பி வந்தவன் ஜாஸ்லினிடம், "அடுத்ததுல எனக்கு இன்னும் கொஞ்சம் எழுது" என்றான்.

சரண்யாதேவி போகிற வீட்டில் எல்லாம் சொல்லிவைத்ததில் ஆத்தூரில் ஒன்றும் ஆறுமுகநேரியில் ஒன்றுமாக இரண்டு கல்யாணத்தில் வாசித்துவிட்டார்கள். ஆறுமுகநேரியில் அஞ்சு பந்தி. அதற்காக ஜாஸ்லின் வேறொரு சிம்பொனியைத் தேடிப் பிடித்து, ஒரு வருஷ வேலையை நாலு மாதத்தில் எழுதி முடித்தாள். அப்படியும் அஞ்சு பாகத்தில் ஒருத்தன் எழுதியிருக்கிறான்.

இந்த வருஷ அசனத்துக்குக் கமிட்டி ஒரு தீர்மானம் போட்டது. மெதுவான இரண்டாம் பாகத்தைக் கடைசிப் பந்திக்கு மாற்ற வேண்டும். அப்போது பின்னால் யாரும் நிற்க மாட்டார்கள். பொன்னுதுரை சார் நேரில் வந்து சொன்னார். வரிசையை மாற்ற முடியாது என்றாள் ஜாஸ்லின். அவர் கொஞ்ச நேரம் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, பின்னால் நிற்கிறவர்களும் உட்கார இரண்டாம் பந்திக்கு மட்டும் நூறு நாற்காலி கூடுதலாகப் போடச் சொல்லிவிட்டுப் போனார்.