ஆந்தையின் வலது கண்

லிஃப்ட்காரருக்குக் கை சும்மா இருந்தால் ஆகாது. முப்பத்திரண்டு வருடம் உயரமான கட்டடங்களில் நின்றுபோன லிஃப்ட்டுகளை ஓட வைத்தவர். நாள் முழுவதும் இருட்டுக் குழிக்குள் கிரீஸும் கம்பியுமாகக் கிடந்துவிட்டு வருகிற மற்ற மனிதர்கள் காலை நீட்டிப் படுப்பார்கள். அவர் முகத்தைக் கழுவிக்கொண்டு நேராகப் பின்பக்க பால்கனிக்குப் போய் மிஷினைப் போடுவார்.

மூடிவிட்ட ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து வந்த மரவேலை மிஷின் அது. சின்ன இரும்பு மேஜை, அதன் நடுவில் ஒரு துளை, அந்தத் துளை வழியாக நூல் பருமனில் ஒரு ரம்பம் மேலும் கீழுமாகத் துள்ளும். பலகையைக் கையால் திருப்பித் திருப்பி நகர்த்தினால் எந்த வளைவையும் அறுத்துக் கொடுக்கும்.

"தையல் மிஷின் மாதிரிதான். ஊசிக்குப் பதிலா ரம்பம்" என்று மனைவிக்கு அறிமுகம் செய்து வைத்தார்.

"தையல் மிஷின்னா ஒரு தலைகாணி உறையாவது மிஞ்சும். இதுல தூள்தான் மிஞ்சப்போகுது."

மிஞ்சியது. டீயில் மிதந்தது, சீப்பில் ஒட்டியது, மடித்து வைத்த போர்வைக்குள்ளும் இருந்தது. அவள் வேலை ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில், வருகிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுப்பது. பகலெல்லாம் கதவுக்கு அந்தப் பக்கம் பல்லைத் துளைக்கிற சத்தம், சாயங்காலம் வீட்டில் மரத்தை அறுக்கிற சத்தம். "துரும்பைத் தூணாக்குற ஆளுங்களப் பாத்திருக்கேன். தூணைத் துரும்பாக்குற ஆளைக் கட்டிக்கிட்டது நான் ஒருத்திதான்" என்பாள். அவர் அதற்கும் சிரிப்பார்.

செய்ததில் ஒன்றையும் விற்றதில்லை. எல்லாம் பரிசு. டாக்டருக்குக் கடைவாய்ப்பல் வடிவத்தில் சாவி மாட்டும் பலகை. தபால்காரருக்குச் சிறகு முளைத்த கடிதம். மாடி வீட்டுக்காரருக்கு ஒரு டால்பின். அவர் மரியாதைக்காக நன்றாக இருக்கிறது என்று சொல்லித் தொலைக்க, அடுத்த வருடமும் ஒரு டால்பின். மூன்றாவது டால்பினோடு போய் நின்றபோது, "சார், வீடே கடலாயிடுச்சு, போதும்" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

அவர் அறுக்கிற விதம் ஒன்று உண்டு. எப்போதும் இரண்டு பலகைகளை ஒட்டுநாடாவால் சேர்த்துக் கட்டித்தான் அறுப்பார். மேலே நல்ல பலகை, அடியில் எதற்கும் உதவாத பெட்டிப் பலகை. ரம்பம் வெளியே வருகிற பக்கம் மரம் சிலும்பும். அந்தச் சிலும்பல் எல்லாம் அடிப்பலகைக்குப் போய்விடும், மேல்பலகை மழமழவென்று இருக்கும். அதனால் எந்தப் பொம்மை செய்தாலும் அதற்கு ஒரு சொரசொரப்பான இரட்டைப் பிள்ளை பிறக்கும். மூத்தது பரிசாகப் போகும். இளையது வீட்டில் எடுபிடி வேலை பார்க்கும். ஜன்னல் அடிக்காமல் இருக்க ஒரு டால்பின் வால், சூடான பாத்திரத்துக்கு அடியில் முயல், கதவிடுக்கில் ஒரு வாத்துத் தலை. இந்த வேலைகளுக்கெல்லாம் ஆள் நியமிப்பது அவள். கண்ணில் பட்டதை எடுத்துச் செருகுவாள்.

துண்டு துண்டாக அறுத்து, பெறுகிறவர்களே சேர்த்துப் பார்க்கிற படங்களில்தான் அவருக்குக் கிறுக்கு அதிகம். அதற்கு ஒரு சட்டமும் வைத்திருந்தார். கொடுக்கும்போது ஒரு துண்டை எடுத்துத் தன்னிடமே வைத்துக்கொள்வார். மற்றதையெல்லாம் சேர்த்து முடித்ததும் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் அந்தக் கடைசித் துண்டோடு போவார், ஒரு டீ குடிப்பார், தன் கையால் அதைப் பொருத்திவிட்டு வருவார். துண்டுகள் எல்லாம் பெயர் எழுதிய காகிதத்தில் மடித்து ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கும்.

"எதுக்கு இந்த வேலை?" என்று அவள் ஒருமுறை கேட்டாள்.

"பரிசு குடுத்தா தேங்க்ஸ் சொல்லிட்டுக் கதவைச் சாத்திடறாங்க. இப்படின்னா ரெண்டு தடவை கதவைத் தொறந்தாகணும்ல."

அந்தச் சட்டம் எல்லாரிடமும் செல்லுபடியானது, அவருடைய அக்காவிடம் தவிர.

அக்கா கணக்கு டீச்சர். பள்ளிக்கூடத்தை விட்டு வந்த பிறகும் முன்னறையில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். மூக்கு நுனியில் கண்ணாடி, அதற்கு மேலாகப் பார்க்கிற இரண்டு பெரிய கண்கள். மாணவர்கள் தலைமுறை தலைமுறையாக அவருக்கு வைத்த பட்டப்பெயர் ஆந்தை. தெரிந்தும் தெரியாதவர் போல இருந்துவிட்டார் டீச்சர். தம்பிக்கு அந்த அடக்கம் இல்லை. அக்காவின் அறுபதாவது பிறந்தநாளுக்குக் கண்ணாடி போட்ட ஓர் ஆந்தையை அறுபது துண்டாக அறுத்து, சிவப்பு மெருகு ஏற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

டீச்சருக்கு ஆந்தை பிடித்தது. ஆனால் சேர்ப்பதற்கு முன்னால் எண்ணினார். ஐம்பத்தொன்பது.

"முழுசாக் குடுத்தா பரிசு. ஒண்ணைப் பிடிச்சு வச்சுக்கிட்டுக் குடுத்தா அதுக்குப் பேரு தவணை. நான் தவணையில எதையும் வாங்கினதில்ல" என்று தம்பியின் மனைவியிடம் சொன்னார் டீச்சர். அன்று சாயங்காலமே ஆந்தையைச் சேர்த்து முடித்துவிட்டார். ஆனால் கூப்பிடவில்லை.

"முடிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு. ஓடிப்போய்க் குடுக்கறேன்" என்றார் தம்பி.

"சொல்ல மாட்டேன்னு சொல்லு" என்றார் அக்கா.

இரண்டு பேர் பிடித்த முயலுக்கும் மூன்றே கால். நடுவில் அவள்தான் மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி வாங்கினாள். வெளியில் எங்காவது பார்த்துக்கொண்டால் இருவரும் ரத்த அழுத்தம் பற்றிப் பேசினார்கள், பக்கத்து வீட்டு நாயைப் பற்றிப் பேசினார்கள். ஆந்தையைப் பற்றி வாயே திறக்கவில்லை. அது டீச்சர் வீட்டு முன்னறை அலமாரியில் வலது கண் இல்லாமல் இரண்டு வருடம் உட்கார்ந்திருந்தது. ஆந்தை கண்ணடிக்கிறது என்று கணக்குப் படிக்க வந்த பிள்ளைகளுக்கு ஏகக் கொண்டாட்டம்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பல் தேய்க்கப் போன லிஃப்ட்காரர் வெளியே வரவில்லை. நெஞ்சு நின்றுவிட்டது. நின்றுபோனதை ஓட வைக்க அந்த வீட்டில் அவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

மூன்று மாதம் போனது. பிள்ளைகள் இல்லாத வீடு. பால்கனியில் தூள் விழவில்லை. பெருக்க ஒன்றுமில்லாத இடத்தை அவள் தினமும் பெருக்கினாள். வந்து போனவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். ஒரு வியாழக்கிழமை டீச்சர் போன் செய்தார்.

"சாப்பிட்டியா?"

"ஆச்சுக்கா."

"என்ன சாப்பிட்ட?"

பொய்யை யோசிக்க நேரம் கொடுக்காமல் கேட்பது டீச்சரின் வழக்கம். "பிஸ்கட்" என்றாள்.

"அது சாப்பாடு இல்ல." டீச்சர் பேச்சை மாற்றினார். "அந்த ஆந்தைய நான் அன்னிக்கே முடிச்சிட்டேன்."

"தெரியும்கா."

"அவன்கிட்டதான் சொல்லல. இப்ப உன்கிட்ட சொல்றேன். ஞாயித்துக்கிழமை அந்தக் கண்ணை எடுத்துக்கிட்டு வா. சாப்பாடு இங்கதான்."

போனை வைத்தாள். கணவர் போன பிறகு நாத்தனார் வீட்டுக்கும் தனக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று பல நாள் யோசித்திருக்கிறாள். ஒரு மரத்துண்டு இருக்கிறது. அது போதும். எழுந்து போய் பிஸ்கட் டப்பாவைத் திறந்தாள்.

உள்ளே ஒரே ஒரு காகிதம், நாலாக மடித்தது. மேலே "அக்கா, வலது கண்" என்று அவர் கையெழுத்து. பிரித்தால் காலி.

வியாழன் போய், வெள்ளியும் போனது. சட்டைப்பைகள், கருவிப்பெட்டி, மேஜை இழுப்பறை, ஷூவுக்குள், மிஷினுக்கு அடியில் என்று தேடாத இடமில்லை. தொலைந்துவிட்டது என்று டீச்சரிடம் எந்த வாயால் சொல்வது? இரண்டு வருட வீம்புக்குப் பிறகு இறங்கி வந்து கேட்ட ஒரே பொருள். வெறுங்கையோடு போனால் ஒரு வேளைச் சோறு போடுவார், மறுமுறை எதைச் சாக்காக வைத்துக் கூப்பிடுவார்? வேறொன்று அறுத்துவிடலாம் என்று மிஷின் முன்னால் உட்கார்ந்து சுவிட்சைத் தட்டினாள். ரம்பம் துள்ளியது. கைவிரல்களைப் பார்த்தாள். அணைத்துவிட்டாள்.

சனிக்கிழமை அவருடைய கூட்டாளி வந்தான். பதினேழு வருடம் அவரோடு ஒரே குழிக்குள் இறங்கி வேலை பார்த்தவன். அலுவலகத்தில் கிடந்த அவருடைய பையைக் கொடுக்க வந்திருந்தான். பையை அவள் அவன் எதிரிலேயே கவிழ்த்துக் கொட்டித் துழாவினாள்.

"என்ன அண்ணி தேடறீங்க?"

"ஆந்தையோட கண்ணு."

வேறு யாராக இருந்தாலும் டாக்டரைக் கூப்பிட்டிருப்பார்கள். அவன் தலையைச் சொறிந்தான். "அது கிடைக்காது அண்ணி. லிஃப்ட் குழியில விழுந்துடுச்சு."

"எந்தக் குழியில? எப்ப?" என்றாள்.

"போன வருஷம் டீச்சர் வீட்டுத் தெரு முனையில ஒரு கட்டடத்துல வேலை. காலையிலயே அண்ணன் அந்தத் துண்டை சட்டைப்பையில போட்டுக்கிட்டு வந்துட்டாரு. வீம்பெல்லாம் போதும்டா, வேலை முடிஞ்சதும் நானே போய்க் குடுத்துட்டு வந்துடறேன்னாரு. கதவைக் கழட்டக் குனிஞ்சாரு, இடுக்கு வழியா நேரா உள்ள போயிடுச்சு. குழியில முழங்கால் அளவு தண்ணி. மோட்டார் வச்சு இறைச்சதுல அதுவும் சேந்து சாக்கடைக்குப் போயிருக்கும். ரெண்டு பேரும் டார்ச் அடிச்சுத் தேடினோம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

"உங்ககிட்ட சொன்னா டீச்சருக்குப் போயிடும்னு பயம். அக்கா கூப்பிடாத வரைக்கும் நான் தப்பிச்சேன்டான்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு. அறுபது வயசு அக்காவுக்கு ஒரு மனுஷன் அப்படிப் பயந்து நான் பாத்ததில்ல."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று மாதத்தில் முதல் சிரிப்பு. கூட வேறொன்றும் வந்தது, முந்தானையால் துடைத்துக்கொண்டாள். "புதுசா ஒண்ணு அறுத்திருக்கலாமே?"

"அதான் முடியாது. ரெண்டாவது தடவை அறுத்தா அதே கோடு வராதாம். கூடவே அறுத்த அடிப்பலகைத் துண்டு இருந்தா அச்சு அசலாப் பொருந்தும்னு சொல்லி, வீடு பூராத் தேடினாராம். நீங்ககூட திட்டினீங்களாமே."

திட்டினாள்தான். போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டிலைப் புரட்டி, அலமாரியை இழுத்து, வீட்டைத் தலைகீழாக்கிக்கொண்டிருந்தார். என்ன தேடுகிறீர்கள் என்றால், ஒன்றுமில்லை என்றார். ஒன்றுமில்லாததற்கா இத்தனை ரகளை என்று அவள் கத்திவிட்டு, கோபத்தைக் காட்ட ஃப்ரிட்ஜ் கதவை ஓங்கிச் சாத்தினாள்.

ஃப்ரிட்ஜ். அது முன்பெல்லாம் ஓடத் தொடங்கும்போது கிடுகிடுவென்று ஆடும். அப்போது ஆடவில்லை. ஆடாமல் இருக்க இரண்டு வருடத்துக்கு முன்னால் பால்கனியில் கிடந்த ஏதோ ஒன்றை எடுத்து அதன் பின்காலுக்கு அடியில் செருகியது யார்?

"தம்பி, இத ஒரு கை பிடி" என்று எழுந்தாள்.

அவன் ஃப்ரிட்ஜைச் சாய்த்துப் பிடிக்க, அவள் தரையோடு தரையாகப் படுத்துக் கையை விட்டாள். தீப்பெட்டியைவிடச் சின்னது, ஒரு பக்கம் வளைந்து, ஒரு பக்கம் குமிழ் வைத்தது. தூசியைத் தட்டினால் நடுவில் ஆந்தையின் கண்மணிக்காக அறுத்த வட்டத் துளை.

ஞாயிற்றுக்கிழமை டீச்சர் வீட்டில் சாப்பாடு முடிகிறவரை யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பிறகு இருவரும் அலமாரி முன்னால் நின்றார்கள். அவள் காகிதத்தைப் பிரித்தாள். சிவப்பு மெருகு ஏறிய ஆந்தைக்கு வெளிறிப்போன, சிலும்பலான, ஃப்ரிட்ஜ் காலின் வட்டத் தடம் பதிந்த ஒரு கண்.

டீச்சர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இது என்ன?"

மறைக்கலாம் என்று பேருந்தில் வரும்போது நினைத்திருந்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் முடியவில்லை. குழி, தண்ணீர், டார்ச், கட்டிலைப் புரட்டியது, ஃப்ரிட்ஜ் எல்லாம் சொன்னாள். டீச்சர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"என் தெரு முனைக்கு வந்தப்ப, குடுக்கத்தான் வந்தானா?"

"ஆமாக்கா. வீம்பெல்லாம் போதும்னு சொன்னாராம்."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தார். அழுக்கே இல்லாத கண்ணாடியை வெகுநேரம் துடைத்தார். பிறகு துண்டை வாங்கி இடத்தில் வைத்து விரலால் அழுத்தினார். டக்கென்று உட்கார்ந்தது. ஒரு மயிரிழை இடைவெளி இல்லை.

ஒரு கண் சிவப்பு, ஒரு கண் வெளுப்பு. இரண்டு வருடம் கண்ணடித்துக்கொண்டிருந்த ஆந்தை, கையும் களவுமாகப் பிடிபட்டதுபோல் திருதிருவென்று விழித்தது.

"பாரு" என்றார் டீச்சர். "சின்ன வயசுல வெல்லக்கட்டியத் திருடித் தின்னுட்டு இப்படித்தான் நிப்பான். அதே திருட்டு முழி."

இருவரும் சிரித்தார்கள். டீச்சர் போட்டு வைத்திருந்த டீ மேஜையில் ஆறியது.

கிளம்பும்போது டீச்சர், "ஃப்ரிட்ஜுக்கு இப்ப என்ன வச்ச?" என்றார்.

"ஒண்ணும் வைக்கல. ஆடிக்கிட்டிருக்கு."

டீச்சர் முன்னறைக்குப் போய் ஒரு பழைய கணக்கு நோட்டின் அட்டையைக் கிழித்து, ஓரத்தோடு ஓரம் சேர நாலாக மடித்துக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தார்.

"இத வச்சுப் பாரு. ஆடுதா இல்லையான்னு அடுத்த ஞாயித்துக்கிழமை சொல்லு."

"போன்லயே சொல்லிடறேன்கா."

"போன்ல எல்லாம் சொல்லக் கூடாது" என்றார் டீச்சர்.