மாமாவின் காருக்கு நான் வைத்த ஒட்டு

என் தாய்மாமாவின் கார் மலாயாவில் பெக்கான் நானாஸுக்கும் ஜோகூர் பாருவுக்கும் நடுவே வாடகைக்கு ஓடியது. துணிக்கூரை போட்ட பழைய வண்டி, ஒரு தோட்டத்துத் துரை ஓட்டி அலுத்துப்போய் விற்றது. ஐந்து பேர் உட்காரலாம். மாமா எட்டுப் பேரை ஏற்றுவார். பிறகு அன்னாசிக் கூடைகளை அடுக்குவார். அதற்கும் மேலே இடம் தெரிந்தால், வழியில் யாராவது கோழியோடு நிற்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே ஓட்டுவார்.

ஒருநாள் செம்மண் ரோட்டுப் பள்ளத்தில் இறங்கி ஏறியபோது வண்டியின் இடுப்பு ஒடிந்துவிட்டது. மொத்தப் பாரத்தையும் தாங்கும் அடிச்சட்டம், பின் இருக்கைக்கு நேர் கீழே விரிசல் விட்டு, வண்டி நடுவில் தொய்ந்துவிட்டது. கதவு சாத்த வரவில்லை. மாமா கதவைக் கயிற்றால் கட்டி, உருட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

நான் அப்போது சிங்கப்பூரில் கேஸ் வெல்டிங் கற்றுக்கொண்டு, ஜோகூர் பாருவில் ஒரு சீனர் பட்டறையில் வேலை பார்த்தேன். தலைக்கனத்துக்குக் குறைவில்லை. மாமா மகளை எனக்குத்தான் கட்டுவது என்று சின்ன வயதிலிருந்தே பேச்சு. ஆனால் நான் வெல்டிங் பக்கம் போனதிலிருந்து மாமா என்னை "மாப்ளே" என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். "வாங்க தம்பி, உக்காருங்க தம்பி" என்று ஒரே மரியாதை. அந்த மரியாதை கூடக் கூடக் கல்யாணம் தள்ளிப்போகிறது என்று அர்த்தம். இரும்பென்றால் துளை போட்டு, ஆணி அறைந்துதான் சேர்க்க வேண்டும், நெருப்பைக் காட்டி ஒட்டுவது ஊரை ஏமாற்றும் வேலை என்பது அவர் கட்சி.

அத்தைதான் எனக்காகப் பேசினார். "வீட்டுப் பிள்ளை இருக்கறப்போ வெளியாளை எதுக்குத் தேடுறீங்க?"

மாமா மீசையைத் தடவிக்கொண்டார். "சரி, ஒட்டுங்க தம்பி. இது நின்னுச்சுன்னா மத்ததப் பேசுவோம்."

மற்றது என்பது என்ன என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுபோனதிலிருந்து மாமா மகளுக்கும் தெரிந்தது என்று எனக்குத் தெரிந்தது.

முதலாளியிடம் கெஞ்சி, ஆக்ஸிஜன் சிலிண்டரையும் எரிவாயு உண்டாக்கும் கார்பைட் டப்பாவையும் லாரியில் ஏற்றிக்கொண்டு மாமா வீட்டு வாசலில் போய் இறங்கினேன். பெட்ரோல் டாங்கியைக் கழற்றித் தூரத்தில் வைத்தேன். காரின் தரைப்பலகைகளைப் பெயர்த்தேன். ஜாக்கி கொடுத்துச் சட்டத்தைத் தூக்கி, நூல் பிடித்து நேராக்கினேன். வளைந்தபடியே ஒட்டினால் வண்டி ஆயுசுக்கும் நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் போகும். விரிசலை அரத்தால் ராவி அகலப்படுத்தி, நீலக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுடரைக் காட்டினேன். ஒட்டு மீன் செதில்போல வரிசையாக விழுந்தது. எனக்கே என்மேல் ஆசையாக இருந்தது. முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனேன்.

அதற்குள் அத்தை தட்டோடு வந்துவிட்டார். கற்பூரம் காட்டி, அந்தச் சட்டத்தின் மேலேயே தேங்காயை உடைத்து, தண்ணீரைச் சுடச்சுட இருந்த ஒட்டின்மேல் ஊற்றினார். சுர்ரென்று ஆவி கிளம்பியது. பின்னாலேயே 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். கிணற்றடியிலிருந்தே எனக்குக் கேட்டது. ஓடி வந்து பார்த்தால், ஒட்டின் ஓரமாக மயிரிழை போல விரிசல்.

மாமா குனிந்து பார்த்தார். "நான் சொல்லல?"

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "ஒட்டு நல்லாத்தான் இருந்துச்சு மாமா. அத்தை ஊத்துன தண்ணியாலதான் விட்டுச்சு!"

"அலமாக்!" என்று மாமா மலாய்க்காரர் மாதிரி தலையில் கை வைத்தார். "சாமிக்கு உடைச்ச தேங்காயையா குத்தம் சொல்றீங்க?"

அத்தையின் முகம் சுருங்கிவிட்டது. எனக்காகப் பேசிய ஒரே ஆளையும் பகைத்துக்கொண்டேன். இனி வாயைத் திறந்தால் சாமி குற்றம், மூடினால் என் ஒட்டு மட்டம். இரண்டிலும் பெண் கிடைக்காது. கல்யாணம் கைவிட்டுப் போனது போலவே நின்றேன்.

அப்போது வாசற்படியில் அவள் குரல் கேட்டது. என்னைப் பார்க்கவில்லை, அவள் அம்மாவைத்தான் பார்த்தாள். "அன்னைக்கு அடுப்புல இருந்து எறக்குன மண்சட்டியில நான் பச்சத்தண்ணி ஊத்தினப்போ என்னம்மா ஆச்சு? எவ்வளவு திட்டுனீங்க?"

அத்தை சட்டத்தைப் பார்த்தார், தேங்காய் மூடியைப் பார்த்தார். பிறகு மாமாவிடம், "சட்டி வெடிச்சுதான் போச்சு. பிள்ளை இன்னொருவாட்டி ஒட்டட்டும்" என்றார்.

மறுநாள் பழைய ஒட்டைச் சுத்தமாக ராவி எடுத்துவிட்டு மறுபடி ஒட்டினேன். மேலே ஒரு தகடும் வைத்து ஒட்டி, மெதுவாக ஆறட்டும் என்று சாம்பலைக் கொட்டிச் சாக்கால் மூடினேன். இந்தத் தடவை அத்தையே முக்காலி போட்டுக் காவலுக்கு உட்கார்ந்துவிட்டார், கையில் தேங்காயோடு. தண்ணீர்ச் செம்போடு யார் அந்தப் பக்கம் வந்தாலும் விரட்டினார். பொழுது சாய, புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, தேங்காயைச் சக்கரத்தடியில் உடைத்தார்.

அடுத்த நாள் காலையில் டாங்கியையும் பலகைகளையும் திரும்ப மாட்டினேன். மாமா கூடைகளை ஏற்றினார், வழக்கத்தைவிட அதிகமாகவே. "நான் மட்டும் ஓட்டிப் பாக்குறேன். யாரும் ஏறாதீங்க."

அவள் சேலையைச் செருகிக்கொண்டு வந்தாள். கதவைத் திறந்து, பின் இருக்கையில் சரியாக ஒட்டுக்கு மேலே உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டாள். கதவு சாத்திக்கொண்டது.

"எறங்கு புள்ள."

"நீங்க ஓட்டுங்கப்பா."

அதுவரை என் ஒட்டின்மேல் எனக்கு ஒரு துளி சந்தேகம் இல்லை. அவள் உட்கார்ந்த நொடியில் எல்லாச் சந்தேகமும் வந்துவிட்டது. சாம்பல் போதுமா? தகடு மெல்லிசோ? கார் கிளம்பியதும் நானும் பின்னாலேயே ஓடினேன், அடியில் குனிந்து குனிந்து பார்த்தபடி. எனக்குப் பயமாக இருந்தது, அவ்வளவுதான். அதே பள்ளம் வந்தது. வண்டி இறங்கியது, முனகியது, ஏறி அந்தப் பக்கம் போய்விட்டது. கதவு அசையவில்லை.

மாமா வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். நான் உச்சி முதல் பாதம் வரை செம்மண்ணாக, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன்.

"ஏன் மாப்ளே ஓடி வர்றே? ஏறு லா, எடம் இருக்கு."

இடமே இல்லை. எல்லாம் அன்னாசி. அவள் பக்கத்தில் இருந்த கூடையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.