ஏழு நாய்களின் பட்டியல்

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் குறுகிய ஒழுங்கையில் ஏழு நாய்கள் இருந்தன. எண்ணியது நான்தான். மென்பொருளில் பிழை தேடுவது என் தொழில். எதையும் அட்டவணையில் போட்டால்தான் எனக்கு மனம் ஆறும்.

எங்கள் அடுக்குமாடியின் நிர்வாகக் குழுச் செயலாளர், ஓய்வுபெற்ற பொறியியலாளர், ஒரு வாக்குத் தந்திருந்தார். "எல்லாத்துக்கும் கருத்தடை ஒப்பரேஷன் செய்து, ஊசியும் போட்டுக் காட்டுங்கோ பிள்ளை. பிறகு நாங்கள் ஒண்டும் கதைக்க மாட்டம். அதுகள் இஞ்சையே இருக்கட்டும்."

நாய்களைப் பிடிக்க உதவியவர் ஒழுங்கை முகப்பில் ஓட்டோ வைத்திருப்பவர். ஹட்டன் பக்கத்திலிருந்து வந்து பல வருடங்கள். காலையில் வாங்கும் மீன் வைத்த மாலு பணிஸில் பாதி நாய்களுக்குத்தான். நான் அவற்றுக்கு இலக்கம் போட்டபோது சிரித்தார்.

"நம்பர் போட இது என்ன ஜெயிலா மிஸ்? நாலாம் நம்பர்னு கூப்பிட்டா அது திரும்பிப் பாக்குமா?"

"பிஸ்கட் பேக்கை ஆட்டினாத் திரும்பும்தானே அண்ணா."

அதையும் எழுதிக்கொண்டேன்.

கொட்டாஞ்சேனையில் ஒரு மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் தொண்டர் வைத்தியர்கள் கருத்தடை செய்தார்கள். நான்கு ஞாயிறு போனோம். துவாயில் சுற்றிய நாய் என் மடியில் இருக்கும். ஐந்தாம் இலக்கம் அவருடைய மணிக்கட்டைக் கடித்தது. அவரும் ஊசி போட்டுக்கொண்டார். முடிந்ததற்கு அடையாளமாக ஒவ்வொன்றின் இடது காது நுனியையும் வெட்டி அனுப்பினார்கள்.

செயலாளர் மகிழ்ந்தார். "அந்த லிஸ்டை ஒருக்கா எங்கட வட்ஸ்அப் குரூப்பில போடுங்கோ. எல்லாரும் பாக்கட்டும்."

போட்டேன். இலக்கம், நிறம், சத்திரசிகிச்சை, தடுப்பூசி. அவற்றோடு எங்கே படுக்கும், எத்தனை மணிக்கு அங்கே இருக்கும், எதற்கு வரும். கடைசி மூன்றும் பிடிப்பதற்காக எங்களுக்கென்று எழுதியவை. நீக்கியிருக்கலாம். முழுமையாக இருக்கிறது என்ற பெருமை விடவில்லை. குரூப்பில் பெருவிரல்கள் குவிந்தன.

பத்தாவது நாள் நான் வேலையால் திரும்பியபோது ஓட்டோக்காரர் கேட்டடியில் நின்றார்.

"லொறி வந்துச்சு மிஸ். அவனுங்க தேடவே இல்ல. போனப் பாத்துப் பாத்து நேரா போறானுங்க. கராஜுக்குப் பின்னால, டிரான்ஸ்போமருக்குக் கீழ. பிஸ்கட் பேக்க ஆட்டுறானுங்க. நான் கத்துறேன், அதுங்க வாலாட்டிக்கிட்டே ஏறுதுங்க."

போனில் என்ன இருந்தது என்று அவர் என்னிடம் கேட்கவில்லை.

செயலாளரின் கதவைத் தட்டினேன்.

"கொமிட்டி எடுத்த முடிவு பிள்ளை. கொல்லேல்லைத்தானே? இரத்மலானைப் பக்கம் நல்ல இடமாப் பாத்து விட்டிருக்கினம்."

"இஞ்சையே இருக்கட்டும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

"சொன்னனான். எல்லாருக்கும் நாய் பிடிக்காதுதானே. ஆனா உங்கட லிஸ்ட் நல்ல கிளியரா இருந்தது. ஒருத்தரும் கடி வாங்கேல்லை."

இரண்டு சனிக்கிழமைகள் இரத்மலானையில் தொழிற்சாலை மதில்களின் ஓரமாகப் பிஸ்கட் பையை ஆட்டிக்கொண்டு நடந்தோம். நிறைய நாய்கள் ஓடி வந்தன. காது வெட்டியவையும் வந்தன. வேறு யாரோ மடியில் வைத்துக் கொண்டுபோனவை. எங்களுடையது ஒன்றுகூட இல்லை.

வெறுமையான இடத்துக்குப் புது நாய்கள் வரும் என்று கொட்டாஞ்சேனை வைத்தியர்கள் முதல் நாளே சொல்லியிருந்தார்கள். மூன்று வந்தன, காதுகள் முழுசாக. செயலாளர் செய்தி அனுப்பினார்: "பிள்ளை, புதுசா மூண்டு நிக்குது. லிஸ்டை அப்டேட் பண்ணுவீங்களோ?"



ஞாயிறு காலை ஓட்டோவின் பின் சீட்டில் துவாய் விரித்திருந்தது. முதல் நாயைத் தூக்கி ஏற்றியதும் பழக்கத்தில் போனை எடுத்தேன்.

"கூட்டிட்டுப் போவோம் மிஸ்," என்றார் அவர், வீதியைப் பார்த்தபடி. "எழுத வேணாம்."

கொட்டாஞ்சேனையில் தந்த படிவத்தில், பிடித்த இடம் எது என்று கேட்டிருந்தது. அதில் ஒரு கோடு இழுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.