நெரேயோவின் பின் பையில் இருக்கும் கற்கள்

பேஸ்பால் ஆட்டம் தொடங்க மூன்று மணி நேரம் இருக்கும்போதே நெரேயோ கஸ்தாஞோஸ் மைதானத்தில் வெறுங்காலுடன் நடந்துகொண்டிருப்பார். ஷூ இரண்டும் கயிற்றால் பிணைக்கப்பட்டுத் தோளில் தொங்கும். அடித்தவன் ஓடித் தொட வேண்டிய தளங்களில் இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே உள்ள செம்மண்ணில் போவார், வருவார், மறுபடியும் போவார். திடீரென்று நின்று குனிவார். பயறு அளவில் ஒரு கல்லை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, காற்சட்டையின் பின் பையில் போட்டுக்கொள்வார்.

"கண்ண நம்பக் கூடாது. கல்லு காலுக்குத்தான் தெரியும்" என்பார்.

பேஸ்பாலில் அந்த இடத்தில் நிற்பவர் ஷார்ட்ஸ்டாப். மட்டையில் பட்டுத் தரையோடு சீறி வரும் பந்துகளில் பாதி அவரைத் தேடித்தான் வரும். குனிந்து எடுத்து முதல் தளத்துக்கு எறிய வேண்டும். அடித்தவன் அதற்குள் அங்கே ஓடிச் சேர்ந்துவிட்டால், எவ்வளவு அழகாகப் பிடித்திருந்தாலும் பயனில்லை. எங்கள் ஊரான சான் பெத்ரோவில் ஒரு பையன் ஓடத் தொடங்கியதும் எல்லோரும் பார்ப்பது அவன் அந்த இடத்துக்குத் தேறுவானா என்றுதான். நெரேயோ தேறியவர். இருபது குளிர்காலங்களாக எங்கள் ஊர் அணிக்கு அங்கே நிற்கிறார். வயது முப்பத்தெட்டு.

கோடைக்காலங்களில் வெளிநாட்டில் ஆடினார். அமெரிக்காவின் சின்னச் சின்ன ஊர்களுக்கு இடையே பேருந்துகளில் ஏழு வருடம், பிறகு மெக்சிகோவில் ஐந்து வருடம். இவற்றுக்கு நடுவில், இருபத்து நான்கு வயதில், அமெரிக்காவின் உச்ச ஆட்டத்தொடரான பெரிய லீக்கில் பதினோரு நாள். பத்தாம் நாள் ஆட்டத்தில் நேராக வந்த பந்து ஒன்று கடைசி நொடியில் ஒரு சிறு கல்லில் பட்டு எகிறி, அவர் தோளைத் தாண்டிப் போனது. எதிரணிக்கு இரண்டு ஓட்டங்கள் கிடைத்தன. மறுநாள் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

செப்போவின் பெட்டிக்கடை வாசலில் டோமினோ ஆடும் நாங்கள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

"வாப்பா பதினோரு நாளு!"

"பதினொன்னரைடா. பஸ்ஸுக்குக் காத்துக்கிட்டு இருந்தேன்ல, அதையும் சேத்துக்க."

அந்தக் கல்லின் மேல் கோபமே இல்லையா என்று ஒருமுறை கேட்டேன். "அது பாட்டுக்குக் கெடந்துச்சு. பாக்காதது நான்தானே?" என்று சொல்லிவிட்டு வறுத்த வாழைக்காயைக் கடித்தார். வாய் ஓரத்திலிருந்து விழுந்த துண்டை, பார்க்காமலே இடது கையால் பிடித்தார்.

அந்த இடது கை எதையும் கீழே விழ விடாது. தட்டு, கரண்டி, பக்கத்து வீட்டுக் குழந்தையின் பால் புட்டி, எதுவானாலும். அவருடைய திருமணப் படத்தில் எல்லோரும் நிமிர்ந்து நிற்கிறார்கள். மாப்பிள்ளை மட்டும் முழங்காலைச் சற்று மடக்கி, புகைப்படக்காரர் பந்தை அடிக்கப்போகிறார் என்பதுபோல் நிற்கிறார். பந்து பிடிக்கும் அவருடைய கையுறைக்குள் வேறு யாரும் கையை நுழைக்கக் கூடாது. "நான் கட்டிலோட ஓரத்துல. அது தலமாட்டுல" என்கிறார் மனைவி தேயனிரா. துவைக்கும்போது பின் பையிலிருந்து விழும் கற்களை அவர் எறிவதில்லை. பூந்தொட்டிகளைச் சுற்றி அடுக்கி வைக்கிறார். இப்போது ஏழு தொட்டிகள் ஆகிவிட்டன.

இந்த டிசம்பரில் அணிக்கு ஹோர்வின் வந்தான். வயது இருபது. மான்குட்டி போல ஓடுவான், எறிந்தால் பந்து விசில் அடிக்கும். பயிற்சியாளர் பௌதீலியோ திங்கட்கிழமை நெரேயோவைக் கூப்பிட்டு, ஷார்ட்ஸ்டாப் இனி ஹோர்வினுக்கு என்றார். நெரேயோ அணியில் இருக்க வேண்டுமானால் முதல் தளத்தில் நிற்க வேண்டும். இல்லையென்றால் வீட்டுக்குப் போகலாம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும். கூடவே முதல் தளத்துக்கான பெரிய கையுறை ஒன்றையும் கொடுத்து அனுப்பினார்.

முதல் தளத்தில் நிற்பவரின் முக்கிய வேலை மற்றவர்கள் எறிவதைப் பிடிப்பது. எங்கள் ஊரில் பருமனானவர்களையும் முழங்கால் போனவர்களையும்தான் அங்கே நிறுத்துவார்கள்.

நெரேயோ அந்தக் கையுறையை டோமினோ மேசையில் வைத்தார். "இத பாருங்கடா. இதுக்குள்ள ஒரு கோழி முட்ட போட்டுக் குஞ்சு பொரிச்சிரும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் அன்று தொடர்ந்து நான்கு ஆட்டங்களில் தோற்றார். டோமினோவில் அதற்கு முன் அவர் தோற்று நாங்கள் பார்த்ததில்லை.

"முடியாதுன்னு சொல்லிரு. ஷார்ட்ஸ்டாப்பாவே வந்த, ஷார்ட்ஸ்டாப்பாவே போ. அதுதான் மரியாத" என்றார் செப்போ.

"மரியாதயா? வீட்டுல இருந்தா நாள் பூரா என் சட்டி விழுமான்னு பாத்துக்கிட்டு நிப்பாரு. எங்கயாவது போயி நிக்கட்டும்" என்றார் உப்பு வாங்க வந்த தேயனிரா.

நெரேயோ அந்தக் கையுறையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் மைதானத்துப் பக்கமே போகவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் நாங்கள் சிலர் முன்னதாகவே போய் உட்கார்ந்திருந்தோம். அவர் வந்தார். தோளில் ஷூ, கக்கத்தில் அந்தப் பெரிய கையுறை. பௌதீலியோவிடம் ஒரு வார்த்தை பேசாமல் நேரே முதல் தளத்துக்குப் போய், வெறுங்காலுடன் அதைச் சுற்றி நடக்கத் தொடங்கினார். அதுதான் பதில். பௌதீலியோ தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

ஹோர்வின் தன் இடத்திலிருந்து கத்தினான். "என்ன பெருசு, கல்லு பொறுக்கறீங்களா? அதுக்குத்தான் ஆளு வச்சிருக்காங்களே!"

"நீ எறியறத எறிடா. இந்தச் சாக்குப்பைக் கையுறையில பந்து என்ன, ஒன்னையே புடிக்கலாம்."

அவர் ஷூவை மாட்டியதும் பயிற்சி தொடங்கியது. ஹோர்வினின் முதல் பந்து தலைக்கு மேலே போனது. நெரேயோ எம்பிப் பிடித்தார். இரண்டாவது காலடியில் குத்தியது. அதையும் அள்ளினார். "இன்னும் கொஞ்சம் தள்ளிப் போடு, தேயனிராவே வந்து புடிப்பா!" என்றார். எங்கள் வரிசை முழுவதும் சிரித்தது. ஹோர்வினும் சிரித்துவிட்டான். அதன்பிறகு வந்த பந்துகள் எல்லாம் நெஞ்சுக்கு நேராக வந்தன. ஒன்றுகூடக் கீழே விழவில்லை.

பயிற்சி முடிந்ததும் எல்லோரும் தண்ணீர் குடிக்க நிழலுக்குப் போனார்கள். ஹோர்வின்தான் முதலில் ஓடினான். நெரேயோ மட்டும் முதல் தளத்தின் மேல் உட்கார்ந்து ஷூவை மறுபடியும் கழற்றினார். கயிற்றால் பிணைத்துத் தோளில் போட்டுக்கொண்டு, காலியாக இருந்த மைதானத்தைக் கடந்து அந்தப் பழைய இடத்துக்குப் போனார். அந்தச் செம்மண்ணில் போனார், வந்தார், மறுபடியும் போனார். ஹோர்வினின் ஷூத் தடங்களுக்கு நடுவில் நின்று குனிந்து, எதையோ எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, பின் பையில் போட்டுக்கொண்டார்.