கொழுந்துத் தராசில் செல்லதுரை

“ராத்திரி முழுக்கக் குழந்தை எழாமல் தூங்குகிறதா?” துரைசானி இங்கிலீஷில் கேட்டதை ரசியா டீச்சர் தமிழில் கேட்டாள்.

“இல்லீங்க. அஞ்சு தடவை எந்திரிப்பான்,” என்றாள் மருதாம்பாள்.

“அஞ்சா?”

“நேத்து ஆறுங்க. குளுரு பாருங்க, பசி சாஸ்தி.”

அவளுக்கு முன் பதில் சொன்ன ஏழு தாய்மாரும் “விடிய விடியத் தூங்குமுங்க” என்றிருந்தார்கள். அவர்களில் ஒருத்தியான பக்கத்து வீட்டு வேலாமணி அவள் இடுப்பில் கிள்ளினாள். “ஆமான்னு சொல்லித் தொலையேண்டி!”

“எப்படியக்கா சொல்றது? இவன் கேட்டுட்டல்ல இருக்கறான்?” மருதாம்பாள் இடுப்பிலிருந்த மகன் செல்லதுரையைக் காட்டினாள்.

நன்றாக வளர்க்கப்பட்ட குழந்தை ஆறு மாதத்துக்குப் பிறகு இரவில் விழிக்காது என்று துரைசானியின் சீமைப் புத்தகம் சொன்னது. அவள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு மருதாம்பாளின் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டாள்.

குன்னூரை அடுத்த அந்த எஸ்டேட்டில் நடந்த முதல் குழந்தைப் போட்டி அது. மருதாம்பாளுக்கு இருபத்திரண்டு வயது. கொழுந்து கிள்ளும்போது பேச ஆளில்லாவிட்டால் தேயிலைச் செடியிடம் மாமியாரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பாள். மழைநாளில் கணக்குப்பிள்ளை ஜஸ்டஸ் ஈரத்துக்கென்று எடையில் இரண்டு ராத்தல் கழித்தால் மற்றவர்கள் பேசாமல் போய்விடுவார்கள். இவள் கூடையைக் கவிழ்த்து உதறிக் காட்டிய பிறகுதான் நகர்வாள்.

தொழிலாளர் லைன் வீடுகளில் மற்றக் குழந்தைகள் சத்தமில்லாமல் தூங்கியதற்குக் காரணம் இருந்தது. பொழுது சாய்ந்ததும் கடுகளவு அபினி. செல்லதுரை ஒருவன்தான் சுவருக்குச் சுவர் கேட்க அழுதான். விடியுமுன் ஃபாக்டரி அடுப்புக்கு விறகு தள்ளப் போகிற அவள் புருஷன் மாரப்பன், தூக்கம் கெட்டுக் கெட்டுக் கடைசியில் தானும் ஒரு பொட்டலம் வாங்கி மடியில் முடிந்துகொண்டான்.

“தராசு சொல்லட்டும், புள்ள. மத்ததுகளைவிட இவன் எளைச்சிருந்தா இன்னைக்கே குடுத்துப்போடோணும்.”

“செரிங்க,” என்றாள். அன்று காலையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போட்டிக்குக் கிளம்பினாள்.

குழந்தைகளை நிறுக்க வேறு தராசு ஏது? கொழுந்துத் தராசில்தான் கூடையைத் தொங்கவிட்டார்கள். மற்ற ஏழு குழந்தைகளில் ஒன்றும் பதினான்கு ராத்தலைத் தாண்டவில்லை. செல்லதுரை பிறந்த அதே வாரம் பிறந்த வேலாமணியின் குழந்தை, கூடைக்குள் போட்டு ஆட்டியபோதும் கண் திறக்கவில்லை.

செல்லதுரை கூடையை உதைத்தான். ஜஸ்டஸின் கடிகாரச் சங்கிலியை எட்டிப் பிடித்தான். பிடித்த கையோடு கூடையை நனைத்தும் விட்டான்.

“கூடை போகப் பதினெட்டு,” என்றார் ஜஸ்டஸ். இத்தனை வருஷத்துப் பழக்கம், வாய் தானாகத் தொடர்ந்தது. “ஈரத்துக்கு ரெண்டு கழிச்சா பதினாறு.”

“ஏனுங் கணக்குப்பிள்ளை! இந்த ஈரத்துக்குமா கழிவு? அதும் எம்பையன் சொத்துதானுங்க!”

கூட்டம் குலுங்கியது. ரசியா மொழிபெயர்த்து முடிப்பதற்குள் துரைசானியும் சிரித்துவிட்டாள். ஜஸ்டஸ் பதினாறை அடித்துப் பதினெட்டு என்று எழுதினார். மாரப்பன் யாரையும் பார்க்காமல் வாய்க்கால் ஓரம் போய், மடியை அவிழ்த்துப் பொட்டலத்தைத் தண்ணீரில் விட்டான்.

வேலாமணி மட்டும் சிரிக்கவில்லை. தன் குழந்தையின் உள்ளங்காலைத் தட்டித் தட்டி எழுப்பப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதை மருதாம்பாள் பார்த்தாள். அதிக எடைக்குப் பரிசாக வந்த கம்பளியைப் புருஷன் தோளில் போட்டுவிட்டு ரசியாவிடம் வந்தாள்.

“டீச்சரம்மா, பகலெல்லாம் நாங்க மலை மேல, கொழந்தைக கீழ கொட்டகையில. பகல்ல கெடைக்காத பாலைத்தானுங்க ராத்திரி கேக்குதுக. பத்து மணிக்கு ஒருக்கா, ரெண்டு மணிக்கு ஒருக்கா எறங்கி வந்து பால் குடுத்துட்டுப் போறோம்னு துரைசானிகிட்டச் சொல்லுங்க. எனக்கு மட்டுமில்லீங்க, எட்டுப் பேருத்துக்கும்.”

ரசியா யாரிடமும் குரல் உயர்த்திப் பேசியவளல்ல. அவள் துரைசானியின் பக்கம் திரும்பும்போது மருதாம்பாள் அவள் முழங்கையைத் தொட்டு நிறுத்தினாள்.

“கெஞ்சாமச் சொல்லுங்க.”