வட்டிலப்பத்தில் விடுபட்ட எழுத்து

என் மனைவி வட்டிலப்பம் செய்து விற்கத் தொடங்கிப் பத்து வருடங்களுக்கு மேலாகிறது. பெட்டியில் ஒட்ட ஸ்டிக்கர் அடித்தபோது, அதில் என்ன போடலாம் என்று அவளிடம் நான் கேட்கவில்லை. அப்போது நான் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஊரில் சிறியவர் பெரியவர் எல்லோருக்கும் நான் ஸேர். ஆகவே ‘ஸேர் வீட்டு வட்டிலப்பம்’ என்று அச்சடித்துக்கொண்டு வந்துவிட்டேன். தேங்காய்ப்பால் பிழிவதும் முட்டை அடிப்பதும் கித்துள் கருப்பட்டி சீவுவதும் அவள். பெயர் மட்டும் என்னுடையது. அது எனக்கு உறுத்தவும் இல்லை.

ஒரு விஷயத்தை நான் யோசிக்கவில்லை. எங்கள் ஊரான கல்முனையில் தடுக்கி விழுந்தால் ஏதாவதொரு ஸேர் மேல்தான் விழவேண்டும். ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து கலியாணங்கள் தொடங்கிய நேரத்தில், யாரோ ஒரு புண்ணியவான் அதே வாசகத்தோடு ஒரு ஸ்டிக்கரை அடித்துக் கடைகளுக்குப் பெட்டி போடத் தொடங்கினான். எங்களுக்கு அது தெரியவந்ததே அக்கரைப்பற்றிலிருந்து வந்த ஒரு தொலைபேசி அழைப்பில்தான்.

“ராத்தா, நேத்து ஒங்கட வட்டிலப்பம் வாங்கினம். புளிச்சிக் கிடந்திச்சி. புள்ளையளுக்குக் குடுக்க ஏலாமப் போயிட்டு. கலியாணத்துக்குச் சொன்னத்த விட்டிருங்க.”

முந்தின நாள் எங்கள் வீட்டில் வட்டிலப்பமே அவிக்கவில்லை. அதைச் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பெண் ஃபோனை வைத்துவிட்டாள். என் மனைவி அன்று பகல் சோறு தின்னவில்லை.

மருதமுனையில் கலியாணம் முடித்திருக்கும் எங்கள் மகள் செய்தி கேட்டு வந்தாள். “வாப்பா, உம்மாக்கு ஒரு டொமைன் வாங்குங்க. இன்டர்நெட்ல அந்தப் பேர ஒருத்தர் எடுத்தா இன்னொருத்தர் எடுக்க ஏலா. ஓடர் எல்லாம் அதுலதான் எண்டு சொல்லிருவம். கள்ளப் பெட்டி பிடிபட்டிரும்.”

“அப்ப கெதியா எடுங்க,” என்றாள் மனைவி. “அடுத்த கிழமைக்கு நாலு கலியாண வீடு சொல்லிரிக்கி. அவங்கட காதுக்கும் இது போறத்துக்கு முதல் எடுங்க.”

உடனேயே எடுத்திருக்கலாம். ஆனால் வட்டிலப்பத்தை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது? டபிள்யூவா, வீயா? டீ ஒன்றா, இரண்டா? முடிவில் ‘எம்’ எழுத்தா, சிங்களவர் சொல்வதுபோல ‘என்’ எழுத்தா? மகள் கொழும்புக் கடைகளைக் காட்டி டபிள்யூதான் என்றாள். கொழும்பு பிழையாக எழுதினால் நானும் பிழையாக எழுதவேண்டுமா என்று கேட்டேன். முப்பது வருடம் பிள்ளைகளின் எழுத்துப் பிழைகளுக்குச் சிவப்பு மையால் வட்டம் போட்ட கை இது. இப்படியே மூன்று நாள் போனது. மனைவி அடுப்படியிலிருந்து ஒரேயொரு கேள்விதான் கேட்டுக்கொண்டிருந்தாள்: “ஆகிச்சா?”

மூன்றாம் நாள் பின்னேரம் என் எழுத்தே சரி என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிவிட்டு, வீட்டுக் கணினியில் டொமைன் விற்கும் ஒரு தளத்துக்குள் போனேன். உள்ளே போவது இலகு; வெளியே வருவதுதான் பாடு. பெயரைக் கொடுத்தேன், இருக்கிறது என்றது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் டொட் நெட்டும் வேண்டுமா என்றது. வேண்டாம். மின்னஞ்சல் வேண்டுமா? வேண்டாம். தளம் கட்டித் தரட்டுமா? வேண்டாம். உங்கள் பெயரை வெளியே தெரியாமல் மறைத்துத் தரட்டுமா? பெயர் வாங்க வந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? நான் வேண்டாம் என்ற பெட்டிகளிலெல்லாம் அதுவாகவே சரி போட்டு வைத்திருந்தது. ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன்.

பிறகு வங்கி ஒரு இரகசிய இலக்கத்தை ஃபோனுக்கு அனுப்பியது. கணினிக்கு லைன் இருக்கிறது; ஃபோனுக்கு எங்கள் வீட்டுக்குள் சிக்னல் வராது. கேற்றடி மதிலில் வைத்திருந்த ஃபோனுக்கு ஓடி இலக்கத்தைப் பார்த்து, வாயில் சொல்லிக்கொண்டே உள்ளே வந்தால் நேரம் முடிந்துவிட்டது என்றது. இரண்டாம் தரம் ஓடினேன். வழியில் பக்கத்து வீட்டு ஹாஜியார் ஸலாம் சொன்னார். பதில் சொன்னதில் இலக்கம் மறந்துபோனது. ஸலாத்துக்குப் பதில் சொல்லாமலும் இருக்க முடியாதே. மூன்றாம் தரம் வந்தபோது தளமே என்னை மறந்துவிட்டு, முதலிலிருந்து பெயரை எழுதச் சொன்னது. வந்த ஆத்திரத்தில் மளமளவென்று அடித்தேன். இந்த முறை இலக்கம் சரிவந்து, வாழ்த்துகள் என்று பட்டாசு வெடிக்கும் படமொன்றும் திரையில் வந்தது.

“ஆகிச்சி,” என்று சத்தமாகச் சொன்னேன்.

மகள் வந்து குனிந்து எழுத்துக் கூட்டினாள். “ஸேர்... வீட்டு... வட்டி... அப்பம்.” இன்னொரு தரம் வாசித்தாள். “வாப்பா, எல் எங்க?”

‘எல்’ எழுத்தைக் காணவில்லை. ஒரு எழுத்து விடுபட்டதில் வட்டிலப்பம் வட்டியப்பமாகிவிட்டது. வட்டி வாங்குவதும் கொடுப்பதும் ஹராம் என்று ஜும்ஆவுக்கு ஜும்ஆ கேட்கிற ஊரில், ஸேர் வீட்டில் வட்டியை அவித்துப் பெட்டியில் விற்கிறார்கள் என்று உலகத்துக்கே அறிவித்திருக்கிறேன். மகள் சிரித்துச் சிரித்துக் கதிரையில் சாய்ந்தாள். திருத்தித் தரும்படி அந்தத் தளத்துக்கு நல்ல ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினேன். பதிந்த பெயரைத் திருத்த முடியாது, வேண்டுமானால் புதிதாக ஒன்று வாங்கலாம் என்று உடனே பதில் வந்தது. அதையும் கடிதத்தில் நான் எழுதிய அதே பணிவோடு சொல்லியிருந்தார்கள். எனக்குக் கணினியைத் தூக்கிக் கிணற்றில் போடலாம்போல இருந்தது.

மனைவி சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள்.

“புதுசா ஒண்டு எடுக்கத்தானே வேணும்? அதுல ஸேரும் வேணா, வீடும் வேணா. என்ட பேரப் போடுங்க.”

“பொம்புளப் பேர ஊரெல்லாம் பாக்க அடிக்கிறதா? சனம் என்ன கதைக்கும்?”

“இப்ப கதைக்காமலா இரிக்கி? புளிச்சத்த ஒருத்தன் ஒங்கட பேர்ல வித்தான். ஏச்சு எனக்கி விழுந்திச்சி. நல்லா இரிக்கி எண்டு சொல்ற நேரம் மட்டும் அது ஸேர் வீட்டு வட்டிலப்பம்.”

அவள் சொன்னதில் திருத்துவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. கணினியில் அவள் பெயரை அடிக்கத் தொடங்கினேன். இரண்டு எழுத்து வந்தது. மூன்றாவதில் விரல் நின்றது. எஸ்ஸா, இசட்டா? நிக்காஹ் பதிவிலும் மகளின் பாடசாலைப் படிவங்களிலும் அவள் பெயரைத் தமிழில்தான் எழுதியிருக்கிறேன். அடையாள அட்டையில் எப்படி இருக்கிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. பாடசாலையில் எத்தனையோ பேரின் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதக் கற்றுக்கொடுத்தவன், இருபத்தாறு வருடம் கூட வாழ்ந்தவளிடம் அவள் பெயரின் எழுத்தைக் கேட்டு நின்றேன். வெட்கமாக இருந்தது.

“இசட்,” என்றாள். அதற்குமேல் என்னை நம்பவில்லை. என்னை எழுப்பிவிட்டுக் கணினி முன்னால் உட்கார்ந்து, ஒரு விரலால் தட்டித் தட்டித் தன் பெயரைத் தானே முழுவதுமாக அடித்தாள். திரையில் ஒரு வட்டம் சுற்றி நின்றது. அதில் வந்ததை மகள் தமிழில் சொன்னாள்.

“ஒருத்தரும் எடுக்கல்லையாம்,” என்றாள் மனைவி, என்னைப் பார்க்காமல். “இவ்வளவு நாளும் சும்மாதான் கிடந்திரிக்கி.”