நான் முதலில் பேசாத மீட்டிங்

1. ஷிஃப்ட் மாறுது

"ஸ்டெல்லா, அடுத்த மாசத்துல இருந்து ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் அரை மணி நேரம் முன்னாடி. நாளைக்கு மீட்டிங்ல நீங்களே சொல்லிடுங்க. முடியாதவங்க செகண்ட் ஷிஃப்ட்டுக்குப் போகட்டும்."

புரொடக்‌ஷன் மேனேஜர் இதைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஒயிட்ஃபீல்ட் பக்கம், வண்டிகளுக்கு வயர் கட்டு செய்யும் தொழிற்சாலையில் நான் லைன் சூப்பர்வைசர். என் லைனில் பாதிப் பெண்கள் தங்கவயலில் இருந்து வருபவர்கள். அரை மணி முன்னால் கொண்டுவந்து சேர்க்க எங்களுக்கு ரயில் கிடையாது. செகண்ட் ஷிஃப்ட் முடிந்தால் வீடு திரும்பவும் ரயில் கிடையாது. சொல்லப்போனால், அவர்களை வேலையை விடச் சொல்வதுதான் அது. தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் அதே காலை ரயிலில் ஏறி வருகிறவள்தான் நானும்.

அந்த வருஷம் நான் நிறுவனத் தலைமை பற்றி அஞ்சல் வழியில் படித்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்தால் ஆன்லைன் வகுப்பு. மற்ற நாளெல்லாம் ரயில்தான் வகுப்பறை. பனிக்காலத்தில் சுரங்கத்து மண்மேடுகளின் அடிப்பாகம் மூடுபனியில் மறைந்திருக்கும். மேல்பாகம் மட்டும் வெளுத்து, எதன் மேலும் நிற்காததுபோல் நகர்ந்து போகும். புத்தகத்தை மடியில் வைத்தபடி கண் சொருகும். பகிர்ந்த பொறுப்பு, நம்பிக்கை என்று படித்த சொற்களோடு, யார் வீட்டில் நிச்சயதார்த்தம், எந்தத் தெருவுக்குத் தண்ணி லாரி வரவில்லை என்ற பேச்சும் வந்து கலக்கும். எது பாடம், எது பேச்சு என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு அரைத்தூக்கம். பங்காருபேட்டையில் கூட்டம் ஏறும்போதுதான் கலையும்.

ஒரு வகுப்பில் பேராசிரியை சொன்னார்: "உங்க மீட்டிங்ல முதல்ல யார் பேசறாங்க, கடைசியா யார் பேசறாங்க, கொஞ்ச நாள் கவனிச்சுப் பாருங்க."

கவனித்தேன். இரண்டும் நான்தான்.

இயல்பில் எனக்கு மெல்லிய குரல். சூப்பர்வைசர் ஆனதும், மெஷின் சத்தத்தை மீறிக் கேட்க வேண்டுமே என்று ஒரு பெரிய குரலைப் பழகிக்கொண்டேன். அது வீடு வரைக்கும் வந்துவிட்டது. "இன்னா ஸ்டெல்லா, உப்பு கேக்கறதுக்குக்கூட லைன்ல கூப்புடற மாரி கூப்புடறே?" என்பார் என் வீட்டுக்காரர்.

2. மறுநாள்

விஷயத்தை இரண்டு வாக்கியத்தில் சொன்னேன். "எனக்கும் இதுக்கு வழி தெரியல. நீங்க பேசுங்க" என்று என் சொந்தக் குரலில் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

யாரும் பேசவில்லை. வாய் துறுதுறுத்தது. ஏதாவது சொல்லி அந்த மௌனத்தை மூடிவிடலாம் என்று தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

முதலில் வாய் திறந்தவள் கனகா. பல வருஷமாக என் லைனில் இருப்பவள், மீட்டிங்கில் ஒரு வார்த்தை பேசியதில்லை. "வேலய வுட்டுட்டு வூட்டுல குந்தச் சொல்றாங்களாக்கா? சாயந்திரம் எவ்ளோ நேரம்னாலும் இருக்கறோம், கடைசி ட்ரெயினு இருக்கற வரிக்கும். காலைலதான் முடியாது."

ஹொஸ்கோட்டையில் இருந்து பஸ்ஸில் வரும் ரேணுகா நிமிர்ந்தாள். "எனக்கு உல்டா. காலைல எவ்ளோ சீக்கிரம் வேணாலும் வந்துடுவேன். சாயந்திரம் பொண்ண ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வரணும்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மீதியை அவர்களே பேசி முடித்தார்கள். பஸ்காரர்கள் லைனைத் தொடங்குவது, ரயில்காரர்கள் முடித்து வைப்பது.

மேனேஜரிடம் நான் தனியாகப் போகவில்லை. அவர்கள் இருவரையும் அழைத்துப்போய், அவர்களையே சொல்லவிட்டேன். "ட்ரயல் பாக்கலாம். ரிஜெக்‌ஷன் ஏறுச்சுன்னா இது வேண்டாம்" என்றார்.

முதல் வாரத்திலேயே, தரமில்லை என்று தள்ளப்பட்ட கட்டுகள் கூடி, ரிஜெக்‌ஷன் ஏறியது. காலையில் வந்தவர்கள் பாதியில் விட்ட கட்டு எது என்று பின்னால் வந்தவர்களுக்குத் தெரியவில்லை. எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். கனகா ரேணுகாவின் பக்கத்தில் போய் நின்றாள். "நீ பாதில வுடற கட்ட என் கைல குடுத்துட்டு, எது வரிக்கும் ஆச்சுன்னு வாயால சொல்லிட்டுப் போ." எல்லோரும் அப்படியே செய்யத் தொடங்கினார்கள். ரிஜெக்‌ஷன் மெல்ல இறங்கியது; மேனேஜரும் ஏற்பாட்டை அப்படியே விட்டுவிட்டார்.

எல்லோரையும் காப்பாற்றினேன் என்று சொல்ல முடியாது. என் லைனில் இருந்த ஆண்டர்சன்பேட்டை சாந்தி, ஷிஃப்ட் மாறப்போகிறது என்ற பேச்சு கிளம்பியபோதே வேலையை விட்டுவிட்டாள். திரும்பி வரச் சொல்லிக் கூப்பிட்டேன். "வேணாங்க்கா, வேற இடம் பாத்துட்டேன்" என்றாள்.

3. நான் லேட்

படிப்பு முடிந்து சில மாதம் கழித்து ஒரு நாள் காலை ரயிலைத் தவறவிட்டேன். அடுத்த வண்டி பிடித்து, வெயில் ஏறிய பிறகு போய்ச் சேர்ந்தேன். மீட்டிங் நேரம் ஆகிவிட்டதே என்று ஓடி, கதவருகில் நின்றேன். மீட்டிங் நடந்துகொண்டிருந்தது. கனகா ஏதோ கேட்கிறாள், புதிதாகச் சேர்ந்த ஒருத்தி மறுத்துப் பேசுகிறாள், ரேணுகா சிரிக்கிறாள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ரயிலின் அரைத்தூக்கத்தில் போலவே, எது பாடம், எது பேச்சு என்று எனக்குப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. உள்ளே போகவில்லை. இதைப் படிக்கிற, இப்போது சூப்பர்வைசர் ஆகியிருக்கும் பெண்களே, நீங்கள் இல்லாமலே மீட்டிங் நடக்கிற ஒரு நாள் உங்களுக்கும் வாய்க்கும். அன்றைக்கு அவசரப்பட்டு உள்ளே போய்விடாதீர்கள். கொஞ்ச நேரம் கதவருகிலேயே நின்று கேளுங்கள்.